பொதுத்தரவுச் சுட்டுகளும் எக்ஸ்.எஸ்.எல்.டி. உருமாற்றமும்: அழகர்கோவில் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுகளை எக்ஸ்.எம்.எல். வடிவில் மின்பதிப்பாக்கும்போது அரசர், ஊர், நாடு, இறைவன் ஆகிய பெயர்களைப் பற்றிய விளக்கங்களை ஒவ்வொரு கல்வெட்டிலும் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒரு பொதுக்கோப்பில் ஒருமுறை எழுதிவைத்து, கல்வெட்டுப் பாடத்திலிருந்து அதனைச் சுட்டுவது வழக்கம். அச்சுட்டுகளை எக்ஸ்.எஸ்.எல்.டி. நடைத்தாள் எவ்வாறு இலக்குடன் இணைக்கிறது, எங்கெங்கே தவறுகிறது, அத்தவறு ஏன் கண்ணுக்குப் படாமல் போகிறது என்பவற்றை மதுரையை அடுத்த அழகர்கோவில் கல்வெட்டுச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சுட்டு இலக்கை அடைவது கணினியின் பணி. எந்த இலக்கைச் சுட்டுவது என்பது ஆய்வாளரின் முடிவு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத மின்பதிப்பு வாசகரைத் தவறான ஆண்டுக்கும் தவறான ஆளுக்கும் இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: அழகர்கோவில், கல்வெட்டு மின்பதிப்பு, எக்ஸ்.எம்.எல்., எக்ஸ்.எஸ்.எல்.டி., பொதுத்தரவு, சுட்டு, பெயர்க்கோப்பு, ஆட்சியாண்டு.

1. முன்னுரை

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அழகர்கோவில். இம்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. மதுரையைச் சேர்ந்த வணிகரும் கைவினைஞரும் அங்கே கொடையாளராகப் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளனர். அதே குகைப்பகுதியில் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரைத் தாங்கிய வட்டெழுத்துப் பொறிப்பும் உண்டு. கோயிலிலோ பிற்காலப் பாண்டியர், வாணாதிராயர், விசயநகர வேந்தர் காலக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. ஒரே மலையைச் சுற்றி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கால எழுத்துச் சான்றுகள் கிடைப்பது அரிய வாய்ப்பு. இக்கோயிலின் சமூக உறவுகளை ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய நூல் 1989இல் வெளிவந்தது. அத்தகைய ஆய்வுகளுக்குக் கல்வெட்டுப் பாடம் நம்பகமான வடிவில் கிடைப்பது முதல் தேவையாகும்.

இன்று அப்பாடங்கள் எக்ஸ்.எம்.எல். வடிவில் பதிப்பிக்கப்படும் நிலை உருவாகியுள்ளது. நூற்பாடங்களைக் குறியிடுவதற்கான டி.இ.ஐ. நெறிமுறையின் ஐந்தாம் வடிவம் 2007இல் வெளிவந்தது. அதனைக் கல்வெட்டுகளுக்கென வரையறுத்துக்கொண்டது எபிடாக் எனப்படும் முறை. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுதவியுடன் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இம்முறையில் குறியிட்டுள்ளது. இவ்வாறு குறியிடப்பட்ட கோப்பு அப்படியே வாசகர் கைக்குச் செல்வதில்லை. எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் உருமாற்ற மொழியில் எழுதப்பட்ட நடைத்தாள் அதனை வலைப்பக்கமாகவோ அச்சுப் பக்கமாகவோ மாற்றித் தருகிறது. இம்மாற்றத்தின்போது பொதுத்தரவைச் சுட்டும் இடங்களில் நிகழ்வது என்ன என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

2. கல்லிலேயே உள்ள சுட்டு

ஒன்றை ஒருமுறை கூறிவிட்டுப் பின்னர் அதனைச் சுட்டுவது கணினி கொண்டுவந்த புதுமை அன்று. தமிழ்க் கல்வெட்டுகளை எழுதியோர் நாட்டின் பெயரை முதலில் கூறிவிட்டு, அடுத்து வரும் ஊர்களுக்கெல்லாம் 'இந்நாட்டு' என்று எழுதினர். ஊரைக் கூறியபின் 'இவ்வூர்' என்றனர். கல்லில் இடமும் உழைப்பும் இதனால் மிச்சமாயின.

இத்தகைய சுட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சுட்டப்படும் பெயர் வாசகருக்குக் கிடைக்க வேண்டும். தொடக்க வரிகள் சிதைந்துபோன கல்வெட்டில் 'இந்நாட்டு' என்பது எந்த நாட்டைக் குறிக்கிறது என்று அறிய இயலாது. நீண்ட கல்வெட்டின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து வெளியிடும்போதும் இதே இடர்ப்பாடு நேரும். சொல் இருக்கும், அதன் இலக்கு இராது.

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரே வினையைக் கொண்டு முடியும்போது சுட்டுப்பெயரை முன்னால் கூறலாகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் தரும் விதி. செய்யுளில் அது முன்னால் வரவும் இடமளிக்கிறது அந்நூல். எக்ஸ்.எம்.எல். கோப்பில் உள்ள சுட்டு இவ்வகையில் செய்யுளை ஒத்தது. இலக்கு சுட்டுக்கு முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், வேறொரு கோப்பிலும் இருக்கலாம். வரிசை கட்டாயமன்று, இலக்கு இருப்பது மட்டுமே கட்டாயம்.

3. பொதுக்கோப்பின் தேவை

அழகர்கோவில் தொடர்பான பெயர்களைப் பார்த்தாலே பொதுக்கோப்பு ஏன் வேண்டும் என்பது விளங்கும். மலைக்கும் கோயிலுக்கும் திருமாலிருஞ்சோலை, இருங்குன்றம், சோலைமலை, அழகர்மலை, இடபகிரி எனப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. இக்கோயில் கல்வெட்டுகள் இவ்விடத்தைக் கீழிரணியமுட்டத்துத் திருமாலிருஞ்சோலை என்று குறிக்கின்றன. மலைபடுகடாம் பாடிய புலவரின் பெயர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்பது. ஆகவே இரணியமுட்டம் என்னும் பெயருக்கான ஒரு பதிவு சங்க இலக்கியப் பதிப்புக்கும் பயன்படும். கல்வெட்டுப் பதிப்புக்கும் பயன்படும்.

பெயர்கள் பாடத்தில் வேற்றுமை உருபேற்றும் புணர்ச்சியால் திரிந்தும் வரும். 'திருமாலிருஞ்சோலைக்கு', 'கீழிரணியமுட்டத்து' என்பன அவ்வாறு வருவன. மாறவர்மன் என்று வரலாற்று நூல்கள் எழுதும் பெயர் கல்லில் 'மாறபன்மர்' என்று இருக்கும். எழுத்தொப்புமையைக் கொண்டு பெயர்களைத் தேடினால் இவை அனைத்தும் வெவ்வேறாகத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் மதுரைப் பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த வாணர் தலைவர் ஒருவர் திருமாலிருஞ்சோலை நின்றான் மாவலி வாணாதிராயன் என்று பெயர் பூண்டிருந்தார். திருமாலிருஞ்சோலையில் நிற்பவன் உண்மையில் அம்மலையின் இறைவன். இறைவன் பெயரை மனிதர் தாங்க, அப்பெயருக்குள் ஊர்ப்பெயரும் அடங்கியிருக்கிறது. 'திருமாலிருஞ்சோலை' என்னும் எழுத்துத் தொடரைக் கண்ட இடமெல்லாம் ஊர் என்று கணக்கிடும் நிரல் ஓர் ஆளை ஊராக்கிவிடும்.

எனவே பாடத்தைக் கல்லில் உள்ளவாறே வைத்துக்கொண்டு, அதனைச் சூழும் குறியின் பண்பாக ஒரு சுட்டை இடுவதே தக்க முறை. எக்ஸ்.எம்.எல். 1998இல் வெளிவந்தபோதே உறுப்புகளுக்கும் பண்புகளுக்கும் தமிழ் எழுத்துகளில் பெயரிட இடந்தந்தது. அதனைப் பயன்படுத்தி, விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டு வருமாறு:

<அரசன் சுட்டு="பெயர்கள்#பா-21">ஸ்ரீசுந்தரபாண்டிய தேவர்க்கு</அரசன்>
<யாண்டு எண்="7">யாண்டு ஏழாவது</யாண்டு>

'பெயர்கள்' என்னும் பொதுக்கோப்பில் இருப்பது:

<அரசன் அடையாளம்="பா-21">
<பெயர்>முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன்</பெயர்>
<தொடக்கம்>1216</தொடக்கம்>
</அரசன்>
<அரசன் அடையாளம்="பா-22">
<பெயர்>இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன்</பெயர்>
<தொடக்கம்>1238</தொடக்கம்>
</அரசன்>

இவ்வமைப்பின் பெரும்பயன் கால வரிசையில் புலப்படும். பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டை மட்டுமே தருகின்றன. 'இரண்டாவதின் எதிர் ஐந்தாவது' என்று இரு எண்களாகத் தருவதும் உண்டு. இரண்டையும் கூட்டி ஏழாம் ஆண்டு எனக் கொள்வர். அதனைப் பொது ஆண்டாக மாற்ற, ஆட்சி தொடங்கிய ஆண்டு தெரிய வேண்டும். கீல்ஹார்ன், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, என். சேதுராமன் முதலியோர் கல்வெட்டுகளில் உள்ள நாள், கோள் குறிப்புகளைக் கணித்து இத்தொடக்க ஆண்டுகளை வரையறுக்க முயன்றனர். ஒரு தொடக்க ஆண்டு திருத்தப்பட்டால் அவ்வரசனின் கல்வெட்டுகள் அனைத்தின் ஆண்டும் மாறும். அச்சுப் பதிப்பில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். மின்பதிப்பிலோ பொதுக்கோப்பில் ஓர் எண்ணை மாற்றி மீண்டும் உருமாற்றினால் போதும்.

பெயர்களைத் தொகுத்து வைக்கும் மரபு தமிழாய்வில் கணினிப் பதிப்புக்கு முன்பே வேரூன்றியது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் மதுரையிலிருந்தே வெளிவந்தது. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூல் சோழநாட்டு நாடுகளையும் அவற்றின் ஊர்களையும் ஒழுங்குபடுத்தித் தந்தது. கிரேக்க, உரோமானிய உலகின் ஊர்ப்பெயர்களுக்கு பிளையாடெஸ் என்னும் மின்னடைவு இருப்பதால், அத்துறைக் கல்வெட்டுப் பதிப்புகள் ஊர்ப்பெயர்களுக்கு அதனையே பொது இலக்காகச் சுட்ட முடிகிறது. பெயர்க்கோப்பு என்பது இவ்வகை அடைவுகளின் கணினி வடிவமே.

4. சுட்டு இலக்கை அடையும் வழிகள்

எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியின் முதல் வடிவம் 1999இலும், இரண்டாம் வடிவம் 2007இலும், மூன்றாம் வடிவம் 2017இலும் பரிந்துரைகளாக வெளிவந்தன. உலாவிகளும் பல இலவசக் கருவிகளும் முதல் வடிவத்தோடு நின்றுவிட்டன. சாக்சன் போன்ற கருவிகள் பிந்தைய வடிவங்களையும் செயற்படுத்துகின்றன. எனவே இரு தலைமுறைகளின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

4.1 ஐடி சார்பு. அடையாளத்தைக் கொடுத்தால் அதனை உடைய உறுப்பைத் திருப்பித் தருவது இச்சார்பு. எளிமையானதே எனினும் ஒரு மறைபொருள் இதில் உண்டு. ஒரு பண்பு 'அடையாளம்' என்று பெயர் பெற்றிருப்பதால் மட்டும் நிரல் அதனை அடையாளமாக ஏற்பதில்லை. அது ஐடி வகையைச் சேர்ந்தது என்று கோப்பின் டி.டி.டி. வரையறை கூற வேண்டும். வரையறை இல்லையெனில், அல்லது நிரல் அதனைப் படிக்காவிடில், விடை வெறுமையாக வரும். இக்குறையைப் போக்க எக்ஸ்.எம்.எல். ஐடி என்னும் பொதுப் பண்பு 2005இல் பரிந்துரைக்கப்பட்டது.

4.2 கீ சார்பு. டி.டி.டி.யைச் சாராமல், எவ்வகை உறுப்புகளை எந்த மதிப்பைக் கொண்டு தேட வேண்டும் என்று நடைத்தாளிலேயே அறிவிக்கும் முறை இது. 'அரசன் உறுப்புகளை அடையாளம் என்னும் பண்பால் தேடுக' என்று ஒருமுறை அறிவித்தால், கருவி பொதுவாக ஓர் உள்ளடைவை உருவாக்கிக்கொள்ளும். அதனால் நேரம் மிச்சமாகும். பெயர்க்கோப்பில் 5,000 பதிவுகளும் கல்வெட்டுகளில் 1,000 சுட்டுகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுட்டுக்கும் கோப்பு முழுவதையும் துருவினால் 50 இலட்சம் ஒப்பீடுகள் தேவைப்படும். உள்ளடைவு இருந்தால் ஒவ்வொரு சுட்டும் நூலின் பொருளகராதியைப் புரட்டுவதுபோல் நேரே உரிய இடத்துக்குச் செல்லும்.

4.3 டாக்குமென்ட் சார்பு. பொதுத்தரவு வேறொரு கோப்பில் இருந்தால் அதனைத் திறக்க இச்சார்பு பயன்படும். ஒரே கோப்பை எத்தனை முறை அழைத்தாலும் அதே கணுக்கள் திரும்பக் கிடைக்கும் என்பது வரையறை. ஆகவே ஆயிரம் முறை அழைப்பதால் ஆயிரம் முறை படிக்கப்படுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இச்சார்பைக் கையாள்வோர் மூன்று இடங்களில் தடுமாறுவதுண்டு. முதலாவது, முகவரியின் தொடக்க இடம். கோப்பின் பெயரை நடைத்தாளில் வெறுஞ்சரமாக எழுதினால், நடைத்தாள் இருக்கும் அடைவிலிருந்து அது தேடப்படும். கல்வெட்டுக் கோப்பில் உள்ள பண்பையே உள்ளீடாகக் கொடுத்தால், கல்வெட்டுக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்து தேடப்படும். நடைத்தாள் ஓர் அடைவிலும் கல்வெட்டுகள் வேறோர் அடைவிலும் இருக்கும்போது, ஒரே பெயர் ஒரு முறையில் கிடைத்து மறு முறையில் கிடைக்காமற்போவது இதனாலேயே.

இரண்டாவது, '#' குறி. 'பெயர்கள்#பா-21' என்பதில் குறிக்கு முன்னுள்ளது கோப்பு. பின்னுள்ளது கோப்பினுள் இருக்கும் பதிவு. பின்பகுதியைக் கருவி எவ்வாறு கையாளும் என்பதை நம்பியிருத்தல் கூடாது. குறிக்கு முன்னும் பின்னுமாகச் சரத்தைப் பிரித்து, முன்பகுதியைக் கொண்டு கோப்பைத் திறந்து, பின்பகுதியைக் கொண்டு கீ சார்பால் தேடுவதே உறுதியான வழி.

மூன்றாவது, சூழல் மாற்றம். முதல் வடிவத்தில் கீ சார்பு, அந்நேரத்தில் நிரல் நிற்கும் கோப்பில் மட்டுமே தேடும். கல்வெட்டுக் கோப்பில் நின்றுகொண்டு பெயர்க்கோப்பில் உள்ள அரசனைத் தேடினால் விடை வெறுமை. ஒவ்வொன்றுக்காக என்னும் கட்டளையால் பெயர்க்கோப்பினுள் நுழைந்து தேட வேண்டும். ஆனால் நுழைந்த மாத்திரத்தில் 'சுட்டு' என்னும் பண்பு கல்வெட்டுக்கு உரியதாக இராது. பெயர்க்கோப்பின் வேர்க்கணுவில் தேடப்பட்டு வெறுமையாகும். எனவே நுழைவதற்கு முன்பே சுட்டின் மதிப்பை ஒரு மாறியில் சேமித்தல் வேண்டும். இரண்டாம் வடிவத்தில் கீ சார்பு எந்தக் கோப்பில் தேட வேண்டும் என்பதை மூன்றாம் உள்ளீடாகவே ஏற்பதால் இச்சிக்கல் நீங்கியது.

4.4 முன்கூட்டியே இணைத்தல். எக்ஸ்இன்குளூட் என்னும் பரிந்துரையின்படி, உருமாற்றத்துக்கு முன்னரே பொதுக்கோப்பைக் கல்வெட்டுக் கோப்பினுள் சேர்த்துவிடலாம். நடைத்தாள் எளிமையாகும். ஆயினும் பல கல்வெட்டுகளை ஒன்றாகத் தொகுக்கும்போது ஒவ்வொன்றும் பெயர்க்கோப்பின் படியொன்றைச் சுமந்துவரும். ஒரே அடையாளம் பலமுறை தோன்றும். சிறு தொகுப்புக்கு இம்முறை ஏற்றது. வளரும் தொகுப்புக்கு முன்கூறிய முறையே ஏற்றது.

5. மௌனமாக நிகழும் பிழை

மேற்கூறிய தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. நிரல் நிற்பதில்லை, பிழைச்செய்தி வருவதில்லை. இலக்கு கிடைக்காத தேடலின் விடை வெறுந்தொகுதி. வெறுந்தொகுதியின் சர மதிப்பு வெறுஞ்சரம். அரசனின் பெயர் அச்சாக வேண்டிய இடத்தில் ஒன்றும் அச்சாவதில்லை. 'பா-21' என்பதைப் 'பா-2l' என்று, எண் ஒன்றுக்கு மாற்றாக அதுபோன்ற ஓர் எழுத்தை இட்டுத் தட்டச்சு செய்திருந்தாலும் இதுவே நிகழும்.

ஆண்டுக் கணக்கில் விளைவு இன்னும் நுட்பமானது. தொடக்க ஆண்டுடன் ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழிப்பது கணக்கு. தொடக்க ஆண்டு வெறுமையாக இருப்பின், முதல் வடிவம் 'எண் அன்று' என்பதற்கான குறியை அச்சிடும். அது அழகற்றதாயினும் பதிப்பாசிரியர் கண்ணில் படும். இரண்டாம் வடிவத்தில் வெறுமையோடு எதனைக் கூட்டினாலும் வெறுமையே. பக்கம் தூய்மையாகத் தோன்றும். ஆண்டு மட்டும் இராது. முன்னேறிய வடிவம் பிழையை இன்னும் நன்றாக மறைத்துவிடுகிறது.

ஒரே அடையாளம் இரு பதிவுகளுக்குத் தவறுதலாக இடப்பட்டிருந்தாலும் இரு வடிவங்களும் வேறுபடுகின்றன. மதிப்பை அச்சிடுமாறு கேட்டால் முதல் வடிவம் கோப்பில் முன்னால் உள்ள பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றைப் பற்றி ஒன்றும் கூறாது. இரண்டாம் வடிவம் இரண்டையும் இடைவெளியிட்டு அச்சிடும். முதலாவதில், பெயர்க்கோப்பின் வரிசையை யாரேனும் அகரநிரலாக மாற்றினால், கல்வெட்டுக் கோப்பில் ஒரு புள்ளியும் மாறாமலேயே அரசன் மாறிவிடுவான்.

இவற்றுள் மிகத் தீங்கானது, சுட்டு இலக்கை அடைந்தும் அது தவறான இலக்காக இருப்பது. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ஏழாம் ஆட்சியாண்டு முதலாம் சுந்தரபாண்டியனுக்குரியதாயின் 1222–23, இரண்டாமவனுக்குரியதாயின் 1244–45. இடைவெளி 22 ஆண்டுகள். ஒரு நிலக்கொடை யார் ஆட்சியில் நிகழ்ந்தது, அதில் கையெழுத்திட்ட அலுவலர் வேறொரு கல்வெட்டில் வருபவர்தாமா, ஒரு குடும்பத்தின் கோயில் உரிமை எத்தலைமுறையில் தொடங்கியது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை மாறும். பதிப்பைப் படிப்பவர் கல்லைப் பார்ப்பதில்லை. திரையில் உள்ள எண்ணையே மேற்கோளாக எடுத்துச் செல்வார்.

6. தமிழ் எழுத்துக் குறியேற்றத்தால் வரும் இடர்கள்

சிலர் அடையாள எண்ணுக்கு மாற்றாகப் பெயரையே சுட்டாகப் பயன்படுத்துவர். தமிழில் இது குறிப்பாக இடர்ப்பாடானது. நிரல் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. குறியெண்களை மட்டுமே ஒப்பிடுகிறது.

'சோலைமலை' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பீட்டில் இரண்டும் வேறு. இவை இணையானவை என்று யூனிகோடு வரையறுத்துள்ளதால், இரண்டாம் வடிவத்தில் உள்ள இயல்பாக்கச் சார்பு இவற்றை ஒன்றாக்கிவிடும். முதல் வடிவத்தில் அச்சார்பு இல்லை.

இயல்பாக்கத்தாலும் தீராதவை உள்ளன. பெருங்கௌசிகனார் பெயரில் ஔகாரக் குறியை இடுவதற்கு மாற்றாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளசிகனார்' என்று தட்டச்சு செய்வது பரவலான தவறு. கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. ஆயினும் யூனிகோடு நோக்கில் இவை முற்றிலும் வேறான சொற்கள். கல்வெட்டுகளின் மங்கலத் தொடக்கத்திலும் அரசர் பெயர்களிலும் இடைவிடாது வரும் 'ஸ்ரீ' இன்னொன்று. இதனை ஸகரத்தைக் கொண்டும் எழுதுவர். 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதுவர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம் பெறும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் ஒருவனே கணினிக்கு இருவராகிவிடுவான்.

ஆகவே சுட்டின் மதிப்பு பெயராக இருத்தல் கூடாது. பொருளற்ற எண்குறியாக இருத்தலே நன்று. பெயரின் பல்வேறு எழுத்து வடிவங்கள் அனைத்தும் பெயர்க்கோப்பின் பதிவினுள் மாற்றுவடிவங்களாக இடம்பெறலாம். தேடுபவர் எவ்வடிவில் தேடினாலும் அப்பதிவு அவருக்குக் கிடைக்கும்.

7. சுட்டு ஓர் ஆய்வுக் கூற்று

கல்லில் 'ஸ்ரீசுந்தரபாண்டிய தேவர்' என்று மட்டுமே உள்ளது. அவர் முதலாமவரா இரண்டாமவரா என்று கல் கூறுவதில்லை. மெய்க்கீர்த்தி இருந்தால் அதனைக் கொண்டும், சோழநாட்டை வென்று மீளக் கொடுத்ததைக் கூறும் அடைமொழி இருந்தால் அது முதலாமவருக்கு உரியது என்பதைக் கொண்டும், நாள், கோள் குறிப்பைக் கணித்தும் ஆய்வாளர் முடிவு செய்கிறார். 'பா-21' என்று எழுதும் கணத்தில் அவர் ஒரு கருத்தை முன்வைக்கிறார். உருமாற்றத்துக்குப் பின் அக்கருத்து உண்மைச் செய்தியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

பழமுதிர்சோலை இதற்கு இன்னொரு சான்று. திருமுருகாற்றுப்படையில் வரும் இப்பெயரை அழகர்மலையில் உள்ள முருகன் கோயிலோடு பொருத்துவது இன்றைய வழக்கு. அது ஓர் ஊரின் பெயர்தானா, பழம் முதிர்ந்த சோலை என்னும் பொது வருணனையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்பாடலின் மின்பதிப்பில் இச்சொல்லைச் சூழ்ந்து அழகர்மலைக்கான சுட்டை இடுபவர், அறிந்தோ அறியாமலோ, அவ்வாதத்தில் ஒரு பக்கம் நின்றுவிடுகிறார்.

இதற்கு டி.இ.ஐ. நெறிமுறை வழி வகுத்துள்ளது. உறுதிப்பாட்டை உயர்வு, நடுத்தரம், குறைவு, அறியப்படாதது என்று குறிக்க ஒரு பண்பு உண்டு. யாருடைய முடிவு என்பதைக் குறிக்கவும் இடமுண்டு. இரு அரசருள் ஒருவர் என்னும் நிலையில், இரண்டு பதிவுகளையும் மாற்று முடிபுகளாகத் தரலாம். ஆனால் கோப்பில் குறித்திருந்தாலும், நடைத்தாள் அப்பண்பைப் படித்து வெளியிடாவிட்டால் வாசகருக்கு அது சென்றடையாது. 'நடுத்தரம்' என்று குறிக்கப்பட்ட இணைப்பை '1222–23' என்று மட்டும் அச்சிடும் நடைத்தாள், ஆய்வாளர் எழுதிய ஐயத்தை அழித்துவிடுகிறது. '1222–23 (முதலாம் சுந்தரபாண்டியன் எனக் கொண்டால்)' என்று அச்சிடும் நடைத்தாள் அதனைக் காக்கிறது.

8. நடைமுறைக்கான முறைகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பதிப்பாசிரியர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஒவ்வொரு சுட்டுக்கும் கிடைத்த இலக்குகளை எண்ணுதல் வேண்டும். ஒன்று எனின் அச்சிடலாம். ஒன்றும் இல்லை எனினும், ஒன்றுக்கு மேல் எனினும், பாடத்தில் உள்ளவாறே பெயரை அச்சிட்டு, கண்ணுக்குப் படும் குறியொன்றை அருகில் இட்டு, செய்திக் கட்டளையால் கோப்பின் பெயரையும் சுட்டின் மதிப்பையும் பதிப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். வரைவு நிலையில் இவ்வளவு போதும். வெளியீட்டு நிலையில் உருமாற்றத்தையே நிறுத்திவிடுமாறு அக்கட்டளையை அமைக்கலாம்.

இரண்டாவதாக, வெளியீட்டுக்கு முன் தணிக்கைக்கென்றே ஒரு சிறு நடைத்தாள் எழுதி ஓட்டுதல் நன்று. இலக்கற்ற சுட்டுகள், ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளை உடைய சுட்டுகள், எவராலும் சுட்டப்படாத பதிவுகள் என மூன்று பட்டியல்களை அது தர வேண்டும். மூன்றாவது பட்டியல் பயனற்றதுபோல் தோன்றலாம். ஆனால் எவரும் சுட்டாத அரசன் பதிவு, அவனுக்குரிய கல்வெட்டு வேறொருவன் பெயரில் சென்றுவிட்டதைக் காட்டும் தடயமாகவும் இருக்கக்கூடும். ஸ்கீமட்ரான் விதிகளாலும் இத்தணிக்கையைச் செய்யலாம்.

மூன்றாவதாக, பெயர்க்கோப்பில் ஒருமுறை இட்ட அடையாளத்தை நீக்குதலோ வேறொருவருக்கு வழங்குதலோ கூடாது. இரு பதிவுகள் ஒருவரையே குறிப்பன எனப் பின்னர் தெரியவந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் 'இதற்கு மாற்றாக இதனைக் காண்க' என்னும் வழிகாட்டியை இடலாம். நடைத்தாள் அவ்வழியே செல்லும். வழிகாட்டிகள் ஒன்றையொன்று சுட்டிச் சுழலில் அகப்படாதவாறு தணிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, உருமாற்றிய பக்கத்தின் அடியில் பெயர்க்கோப்பின் பதிப்பு எண்ணும் நாளும் அச்சாக வேண்டும். தொடக்க ஆண்டு திருத்தப்பட்டபின் அதே கல்வெட்டு வேறோர் ஆண்டைக் காட்டும். முன்பு மேற்கோள் காட்டிய ஆய்வாளர் பொய்யுரைக்கவில்லை என்பதற்கு அக்குறிப்பே சான்றாகும்.

9. முடிவுரை

பொதுத்தரவை ஒருமுறை எழுதிப் பலமுறை சுட்டுவது உழைப்பைக் குறைக்கிறது, திருத்தத்தை எளிதாக்குகிறது, சங்க இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஒரே பெயர்ப்பதிவால் இணைக்கிறது. அதே வேளையில், ஓரிடத்துப் பிழை நூறிடங்களில் தோன்றவும் அதுவே வழியாகிறது. எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியில் சுட்டு இலக்கை அடையாதபோது நிரல் பொதுவாக மௌனம் காக்கிறது. அந்த மௌனத்தைக் கலைப்பது நடைத்தாள் எழுதுவோரின் முதற்கடமை. இலக்கை அடைந்த சுட்டும் சரியானதுதானா என்பதை எந்த நிரலும் கூறாது. அதனைக் கூறுவது ஆய்வாளரின் பொறுப்பு. அவர் கொண்ட உறுதியையும் ஐயத்தையும் குன்றாமல் வாசகரிடம் சேர்ப்பது நடைத்தாளின் பொறுப்பு.

'இந்நாட்டு' என்று பொறித்தவர் அந்நாட்டின் பெயரை அதே கல்லில் சில வரிகளுக்கு முன்னர்ப் பொறித்துவைத்தார். சுட்டும் இலக்கும் ஒரே சுவரில் இருந்தன. மின்பதிப்பில் அவை வெவ்வேறு கோப்புகளில், வெவ்வேறு கணினிகளில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இணைப்பு அறாமல் காப்பதும், அறுந்தால் அறுந்ததென்று வெளிப்படையாகக் கூறுவதும் அழகர்கோவில் கல்வெட்டுகளை வருங்காலத்தவருக்குக் கையளிக்கும் பணியின் பிரிக்க இயலாப் பகுதியாகும்.